கடையில் நீ அச்சடித்துப் பார்த்த பிரிண்டர்

இன்று காலை உன் பிரிண்டருக்கு மை மாற்றினேன். பெருவிரலும் சுட்டுவிரலும் கறுத்துப் போயின, சவர்க்காரம் போட்டும் போகவில்லை. குசினியில் நின்று விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது உன்னோடு கதைக்க வேண்டும் போல் இருந்தது. கூப்பிட நீ இல்லை, அதனால் எழுதுகிறேன். நீ இருந்திருந்தால், "ஒரு மை மாத்தத் தெரியேல்லை, இவ எனக்குப் பிரிண்டர் தெரிஞ்சு தர வந்தவ!" என்று தொடங்கியிருப்பாய். அந்த நக்கல் இல்லாமல் வீடு சப்பென்று கிடக்கிறது.

மெல்பேர்ன் பக்கம் கிரான்பர்னில் உன் செத்தவீடு முடிந்து நான் சிட்னிக்குப் புறப்பட்ட அன்று, உன் ஒன்றுவிட்ட தம்பி இதைத் தூக்கிவந்து என் காரின் பின்சீற்றில் வைத்து பெல்ட்டும் போட்டுவிட்டான். "எங்கட அக்கா இதைத் துடைக்கேக்கயெல்லாம் உங்கட கதைதான் சொல்லுவா. நீங்களே வச்சிருங்கோ" என்றான். என்ன கதை சொன்னாய் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும். நான் தெரிந்தெடுத்த முதல் பிரிண்டரின் கதையாகத்தான் இருக்கும்.

நீயும் நானும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நான் அவுஸ்திரேலியாவுக்கு விமானத்தில் வந்து பதினெட்டு வருடத்துக்குப் பிறகு நீ படகில் வந்தாய். தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்டதும் டூங்கபியில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் பின்வளவில் ஓர் அறை எடுத்துத் தந்தேன். இந்த நாட்டில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பு அப்போது எனக்கு. பால் எங்கே வாங்குவது என்பதிலிருந்து வெள்ளைக்காரனிடம் எப்படித் தலையாட்டுவது என்பது வரை உனக்கு வகுப்பெடுத்தேன். நீயும் பொறுமையாகக் கேட்டாய். பாவம் நீ.

உன் அகதி விண்ணப்பத்துக்கு முதல் தடவை "இல்லை" என்று பதில் வந்தது. முகாமில் அவசரம் அவசரமாக, இரண்டு மூன்று பேரின் வாய் மாறி எழுதப்பட்ட வாக்குமூலம் அது. பிறகு ஒருவர் அதை உனக்குத் தமிழில் வாசித்துக் காட்டியபோது, இரண்டு வருடத்தில் நடந்தவை ஒரே மாதத்தில் நடந்ததாக இருந்தன. "அது என்ர கதையில்லையடி. அது ஆரோ ஒரு மனிசியின்ர கதை" என்றாய். மேல்முறையீட்டுக்கு நீயே தமிழில் எழுதுகிறாய் என்று வக்கீலிடம் சொன்னாய். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலமாக்க வேண்டும், தாளுக்குத் தாள் நீ கையெழுத்து வைக்க வேண்டும். வக்கீல் சம்மதித்தார். என் மகள் தன் பழைய டேப்லெட்டைத் தந்தாள், மூலையில் கண்ணாடி வெடித்திருந்தது. அதில் தமிழ் எழுத ஒரு செயலியும் போட்டுத் தந்தாள். நீ ஒற்றை விரலால் கிழமைக்கணக்காக எழுதினாய்.

முதல் நாலு பக்கத்தை நூலகத்தில் அச்சடித்தோம். அங்கே அறையின் மற்றத் தொங்கலில் நின்ற மெஷினில்தான் தாள் வந்து விழும். நாங்கள் போய்ச் சேருமுன் அங்கு நின்ற நம்மூர்ப் பெண் ஒருத்தி தன் தாள்களோடு உன்னுடையதையும் அள்ளிவிட்டாள். திருப்பித் தரும்போது, "அன்ரி, நான் ஒண்டும் வாசிக்கேல்லை" என்றாள். நாங்கள் கேட்கவேயில்லை. அடுத்த கிழமை மரக்கறிக் கடையில், முன்பின் தெரியாத ஒரு மனுஷி என்னிடம் வந்து, "உங்கட சிநேகிதிக்கு ஊரில அப்படியெல்லாம் நடந்ததாமே, உண்மையோ?" என்று கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எரிந்ததோடு விட்டேனா? நேரே வந்து உன்னிடம் சொன்னேன். என் வாயில் எந்தக் காலத்தில் எது நின்றது?

நீ டேப்லெட்டை மூடிக் கதிரையில் வைத்தாய். பிறகு, "வீட்டில அடிக்கிற மாதிரி ஒரு பிரிண்டர் வேணும். என்ர கதை முதல்ல என்ர கைக்கு வரவேணும்" என்றாய்.

"என்ர வீட்டில இருக்குத்தானே. அதில அடி."

"வேண்டாம்."

"ஏன், என்னிலயும் நம்பிக்கை இல்லையோ?"

"நீ வாசிச்சா அழுவாய். பேந்து உன்னை நான் இருந்து தேத்த வேணும். எனக்கு இப்ப அதுக்கு நேரமில்லை."

எனக்கு வந்த கோபத்தில் செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் வந்துவிட்டேன். இரண்டு நாள் உன்னோடு கதைக்கவில்லை. நாற்பது வருடச் சிநேகிதத்துக்கு இதுதானா மரியாதை என்று வீட்டில் எல்லோருக்கும் பிரசங்கம் வைத்தேன். மூன்றாம் நாள், வாக்குமூலம் கொடுக்க இரண்டரைக் கிழமைதான் இருக்கிறது என்பது நினைவு வந்தது. தபால்பெட்டியில் கிடந்த கடை விளம்பரப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்தேன்.

கடையில் ஒரு பெட்டியில் "வயர்லெஸ்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வயர் இல்லை என்றால் எல்லாவற்றோடும் பேசும் என்று முடிவு கட்டி, கடைக்காரனை வாய் திறக்கவிடாமல் நானே வாங்கினேன். அன்று வெள்ளிக்கிழமை. மேய்ஸ் ஹில் முருகனிடம் போய் வந்த கையோடு, பிளக்கைக்கூடக் குத்தாமல், மூடியின் நடுவில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தேன். காரியம் சரிவர வேண்டுமே! அதன் பிறகுதான் பெட்டிக்குள் கிடந்த தாளை வாசித்தோம். முதலில் ஒரு கொம்பியூட்டரில் டிஸ்க்கைப் போட வேண்டுமாம், டேப்லெட்டோடு இந்த மொடல் நேராகப் பேசாதாம்.

நீ டிஸ்க்கை எடுத்து டேப்லெட்டின் நாலு பக்கமும் வைத்துப் பார்த்தாய். "எங்கயடி போடுறது? இதுக்கு வாயே இல்லையே."

திருப்பிக் கொடுக்கப் போனோம். சந்தனம் காய்ந்து பிளாஸ்டிக்கில் மஞ்சளாய் ஊறியிருந்தது. கவுண்டரில் நின்ற பெண் அதை நகத்தால் சுரண்டி, இது என்ன கறை என்று கேட்டாள். பதினெட்டு வருட ஆங்கிலம் எனக்கு அந்த இடத்தில் கைகொடுக்கவில்லை. நீ முன்னே வந்து, "பிளெசிங்" என்றாய். அவள் உன்னையும் பார்த்தாள், பொட்டையும் பார்த்தாள், சிரித்துக்கொண்டு வாங்கி வைத்தாள். அன்றோடு என் பதவி பறிபோனது.

அதன் பிறகு நீயேதான் தெரிந்தெடுத்தாய். கொப்பியில் நாலு கேள்வி எழுதி, அவற்றின் ஆங்கிலத்தை மட்டும் என்னிடம் கேட்டாய். டேப்லெட்டிலிருந்து நேரே அடிக்குமா? கொம்பியூட்டர் இல்லாமலே தொடங்கலாமா? வீட்டில் ரெலிபோன் லைன் இல்லை, சின்ன மோடம்தான் இருக்கிறது, அதுவே காணுமா? தமிழ் எழுத்து உடையாமல் வருமா? சோறு சமைக்கும்போதும் அந்த நாலையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றாய். கடைக்குப் போகும் வழியில், "நீ பின்னால நில். வாயைத் திறந்தியோ, இனி உன்னைக் கூட்டிக்கொண்டு வரமாட்டன்" என்று கட்டளை. இரண்டு கடையில் தெரியாது என்று கையை விரித்தார்கள். மூன்றாவது கடையில் ஒரு பொடியன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இட் ஷுட் வேர்க்" என்றான்.

"ஷுட், நோ குட்" என்றாய். "ஷோ மீ."

எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. இப்படியெல்லாம் இங்கே கேட்கக் கூடாது என்று உன் சேலைத் தலைப்பை இழுத்தேன், நீ தட்டிவிட்டாய். பொடியன் மனேஜரைக் கூட்டிவந்தான். மனேஜர் உன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். நீ கைப்பையிலிருந்து மோடத்தை எடுத்து, பணியாரம் வைப்பதுபோல மெதுவாக மேசையில் வைத்தாய். ஒருதரம் பிடிக்கவில்லை, இன்னொருதரமும் பிடிக்கவில்லை. சலவை மெஷின் பார்க்க வந்த சனமும் வந்து சுற்றி நின்றது. நீ அசையவில்லை. மூன்றாந்தரம் டேப்லெட்டில் பிரிண்டரின் பெயர் தோன்றியது. ஒற்றை விரலால் ஒரு வரி தட்டினாய், மெஷின் முனகித் தாளைத் தள்ளியது.

எட்டிப் பார்த்தேன். "எனக்கு நடந்ததை நானே எழுதுகிறேன்" என்று இருந்தது. கொம்பும் காலும் விசிறியும் ஒன்றும் உடையவில்லை.

பொடியன் ஆவலாக, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். நான் வாயைத் திறந்தேன். நீ தாளை இரண்டாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "இட் சேஸ், குட் பிரிண்டர்" என்றாய். அந்த நிமிடம் நான் உன் சிநேகிதி என்று அந்தக் கடை முழுவதும் கத்திச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. இருபது நிமிடம் முன்பு வெட்கப்பட்டவளும் நான்தான்.

அச்சடித்த அன்று நீ என்னை வெளியே கதிரையில் இருத்திவிட்டுக் கதவைச் சாத்தினாய். மெஷின் ஓடுவதும் நிற்பதும் கேட்டது. நிற்கும்போதெல்லாம் நீ வாசிக்கிறாய் என்று விளங்கியது. ஒருதரம் வெகுநேரம் ஓடவில்லை. எழும்பிக் கதவருகில் போனேன், தட்டாமல் திரும்பி வந்து இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். கடைசியில் நீ வந்தபோது உறை ஒட்டியிருந்தது. "தேத்தண்ணி குடிப்பம்" என்றாய்.

விசாரணை நாளிலும் நான் வெளியேதான் இருந்தேன். மூன்று மணித்தியாலம் கழித்து வந்தாய். "கேட்டாங்கள். பக்கத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னன். ஒரு இடத்திலயும் தடக்குப்படேல்லை" என்றாய். இரண்டு மாதத்தில் "ஓம்" என்று கடிதம் வந்தது. அழுதது நான், தேற்றியது நீ. அப்போது உனக்கு நேரம் இருந்தது.

அதன் பிறகு உன் அறைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள், படகில் வந்தவர்கள், அவரவர் வாக்குமூலத்தை அச்சடிக்க. நீ மெஷினைப் போட்டு, தாள் அடுக்கி, எங்கே அமத்துவது என்று காட்டிவிட்டு, "முடிஞ்சாக் கூப்பிடுங்கோ" என்று வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவாய். மழையானாலும் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியேதான் நிற்பாய். வேலை கிடைத்துக் கிரான்பர்னுக்குப் போன பிறகும் அங்கே இதே முறைதானாம், தம்பி சொன்னான். போன சனிக்கிழமை என் வீட்டுக்கும் ஒருத்தி அச்சடிக்க வந்தாள். நான் முற்றத்தில் போய் நின்று கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விட்டேன், தேவைக்கு மேலேயே விட்டேன்.

நேற்று உன் தம்பி போன் எடுத்தான். முப்பத்தோராம் நாளுக்கு உனக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம். "நீங்கதானே அக்கா கிட்ட இருந்தனீங்கள். அவவுக்கு அங்க என்னென்ன நடந்ததெண்டு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்றான்.

"எனக்குத் தெரியாது தம்பி" என்றேன்.

"பகிடி விடாதேங்கோ அக்கா. உங்களுக்குச் சொல்லாமலோ?"

"சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை."

அவன் நம்பவில்லை, கொஞ்சம் கோபத்தோடுதான் வைத்தான். வகுப்பு முழுக்க என்னை ரேடியோ என்று கூப்பிட்டது அவனுக்கு எங்கே தெரியும்? எடி, உன்னைப் பற்றி ஒருவன் என்னிடம் கேட்டு, தெரியாது என்று நான் சொன்னேன், அது சத்தியமும்கூட. என் வாழ்நாளில் ஒரு பதிலுக்காக நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.