வாசிக்காமல் தாண்டிய பக்கம்

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். வழக்கமாக இதற்குப் பிறகு அரைப் பக்கம் விசாரிப்பேன், முதுகுவலி எப்படி இருக்கிறது, கிரேன் கேபினில் ஏசி வேலை செய்கிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று. இன்றைக்கு அதெல்லாம் கிடையாது. எனக்கு வயிறு எரிகிறது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அதற்கு முன்னால், இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுகிற ஸ்டோர் கீப்பர் அண்ணாவுக்கு என் வணக்கம். அண்ணா, போன கடிதத்தில் செய்தது போல இந்த முறை எதையும் தாண்டிவிடாதீர்கள். திட்டு வந்தால் திட்டு மாதிரியே வாசியுங்கள். குரலைக் கொஞ்சம் உயர்த்தினாலும் எனக்குச் சம்மதம்தான்.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். சொல்ல வந்தேனே. "கிளாஸும் வேணாம் ஒண்ணும் வேணாம், அண்ணன் சொல்றபடி செய்" என்றீர்கள். நான் வாயைத் திறந்தேன், சிக்னல் போய்விட்டது. மறுபடி கூப்பிட்டேன், மறுபடியும் போய்விட்டது. உங்கள் ஊர் சிக்னலுக்கு என் குரல் நன்றாகப் பழகிவிட்டது போலிருக்கிறது, கேட்டதுமே ஓடிவிடுகிறது. அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் எல்லாம் கேட்பாரில்லாமல் கிடக்கின்றன. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வாசிப்பது நீங்கள் இல்லையே!

இந்த மாதக் கடைசியில் உங்கள் அண்ணன் வந்து வாலுவை அழைத்துக்கொண்டு போய், அவர் வீட்டுப் பக்கத்தில் இருக்கிற ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கப் போகிறாராம். அந்தப் பள்ளியின் பெருமை என்ன தெரியுமா? அடி. அதையே விளம்பரம் மாதிரி சொல்கிறார். "அங்க போட்டா எப்பேர்ப்பட்ட கழுதையும் ரெண்டு மாசத்துல வழிக்கு வந்துடும்" என்கிறார். அப்பா சரி சொன்னால் போதும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். பெற்றவள் என்று ஒருத்தி இருப்பது யார் ஞாபகத்திலும் இல்லை. நீங்களும் சரி சொல்லியிருக்கிறீர்கள். பத்து வயதுப் பெண்ணைப் பற்றி, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என்னிடமும் கேட்காமல்.

உங்களுக்கு எதுவும் தெரியாமல்தான் சரி சொன்னீர்கள் என்பது எனக்குப் போன வாரம் வரைக்கும் புரியவில்லை. போன கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதியிருந்தேனே, படித்துவிட்டுமா இந்த மனிதர் இப்படிப் பேசுகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் ஸ்டோர் கீப்பர் அண்ணாவுக்கே போன் போட்டேன். அவர் கூசிக்கூசிச் சொன்னார்: "மூணாவது பக்கத்த நான் வாசிக்கலம்மா. ஆரம்பமே 'என் ராசா'ன்னு இருந்துச்சு. புருஷன் பொண்டாட்டி விஷயம், நம்ம வாயால எதுக்குன்னு அப்படியே தாண்டி நாலாவது பக்கத்துக்குப் போயிட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாலாவது பக்கத்தில் என்ன இருந்தது? தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது, எதிர் வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது. அதை அக்கறையாகக் கேட்டுக்கொண்டீர்கள். நம் பெண்ணைப் பற்றியது முழுவதும் அந்த மூன்றாவது பக்கத்தில் இருந்தது. அண்ணாவின் மரியாதைக்கு ஒரு கும்பிடு. நானும் கொஞ்சலில் ஆரம்பித்திருக்கக் கூடாது. இனிமேல் முக்கியமான எதையும் கொஞ்சிக்கொண்டு எழுத மாட்டேன்.

ஆகவே அந்தப் பக்கத்தைக் கொஞ்சல் இல்லாமல் மறுபடி எழுதுகிறேன். நம் மகளுக்கு இருப்பது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. அதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர். கண் நன்றாக இருக்கிறது, புத்தி நம் இரண்டு பேரையும் விட நன்றாக இருக்கிறது. எழுத்தைப் பார்த்ததும் ஒலி சட்டென்று மேலே வராது, அவ்வளவுதான். பிறக்கும்போதே அப்படி. சொல்லித் தருகிற விதத்தில் சொல்லித் தந்தால் படிப்பாள். மெதுவாகப் படிப்பாள், ஆனால் படிப்பாள். பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, இப்போது அவள் போகிற வாசிப்பு வகுப்பின் டீச்சர் என்னை எதிரே உட்கார வைத்து இதைத்தான் சொன்னார்.

இது தெரிவதற்கு முன்னால் பள்ளியில் அவளை என்ன பாடுபடுத்தினார்கள் என்று தெரியுமா? வகுப்பு டீச்சர் தினமும் அவளை எழுப்பி சத்தமாக வாசிக்கச் சொல்வாராம். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து வருவதற்குள் வகுப்பே சிரிக்குமாம். "பாரு, ரயில் வருது, எல்லாரும் கேட்டை மூடுங்க" என்று அந்த டீச்சரே கிண்டல் செய்வாராம். படித்துப் பட்டம் வாங்கிய பெண்பிள்ளை! அன்றிலிருந்து பிள்ளைகள் இவளைக் கூட்ஸ் என்றுதான் கூப்பிட்டன. ஒரு நாள் காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தாள். மறுநாளும் வலித்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்கவில்லை. லாண்டரியில் பாதி நாள் லீவு போட்டுவிட்டுப் போய் அந்த டீச்சரிடம் கத்திவிட்டு வந்தேன். இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

வாசிப்பு வகுப்பு மருந்துக் கடை மாடியில் நடக்கிறது. ஒரே அறை, இரண்டு பெஞ்சு, ஒரு நீளமான மேஜை. தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுத்தை எழுத வேண்டும், எழுதும்போதே ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கை, கண், காது, வாய் நான்கும் ஒன்றாக வேலை செய்தால்தான் அது உள்ளே போய் உட்காருமாம். நமக்குப் பழகிப்போனதால் தெரிவதில்லை, இந்தக் கொம்பு விஷயம் எவ்வளவு அநியாயம் பாருங்கள். ஒலி பின்னால் வருகிறது, கொம்பு மட்டும் முன்னால் போய் நிற்கிறது. வாலு டீச்சரிடமே சண்டை போட்டிருக்கிறாள், "அது ஏன் மிஸ் முன்னாடி வந்து வழிய மறிக்குது?" என்று. டீச்சர் அவளைத் திட்டவில்லை. நியாயமான கேள்வி என்று சொல்லிவிட்டு, கொம்பையும் காலையும் தனித்தனி அட்டையாக வெட்டி அவள் கையிலேயே கொடுத்து விளையாடச் சொன்னாராம்.

அந்த அறையில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் குறுக்கே சொல்லக் கூடாது. அவர் கேட்டால் மட்டும் உதவலாம். பெரிய மீசை வைத்த டெம்போ டிரைவர் ஒருவரும் அங்கே படிக்கிறார். பிள்ளைகளோடு அதே பெஞ்சில், முட்டி மேஜையில் இடிக்க உட்கார்ந்து மணலில் எழுதுகிறார். அவருக்கும் வாலுவுக்கும்தான் போட்டி. அவர் ஒரு வாக்கியத்தைத் தானாகப் படித்து முடித்த அன்று இவள் எழுந்து நின்று கை தட்டியிருக்கிறாள். மீசை அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

போன மாதம் பஸ்ஸில் வரும்போது ஒரு கடை போர்டைப் பார்த்தாள். பஸ் கடையைத் தாண்டி, அடுத்த ஸ்டாப்பையும் தாண்டிவிட்டது. இவள் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பிறகு திடீரென்று, "ஏணி வாடகைக்குக் கிடைக்கும்!" என்று கத்தினாள். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்கு ஏணி வேண்டும் என்று கண்டக்டர் கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் நாங்கள் இறங்க வேண்டிய இடம் தவறிவிட்டது. இந்த வகுப்பைத்தான் நிறுத்தச் சொல்கிறீர்கள்.

இப்போது உங்கள் அண்ணன் கதைக்கு வருகிறேன். அண்ணா, இங்கே மெதுவாக வாசியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். கூடவே அவருடைய நண்பர் ஒருவர். வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடிப்பதற்கு முன்னால், பேப்பரை எடுத்து வாலு கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார், ஏதோ கண்காட்சி மாதிரி. அவள் மறுக்கவில்லை. உள்ளே போய், ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நடுவில் வெட்டிய அட்டையை எடுத்துக்கொண்டு வந்து பேப்பர் மேல் வைத்தாள். "இது என்ன ஏமாத்து வேல?" என்று அவர் அதைப் பிடுங்கி ஓரமாக வீசினார். அட்டை இல்லாமலே அவள் படித்தாள். ஒரு வரி முடித்தாள். இரண்டாவது வரியில் ஒரு நீளமான சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றாள். நண்பர் சிரித்தார். அவள் நிமிர்ந்து, "பெரியப்பா, நான் இன்னும் முடிக்கல. முடிக்கிற வரைக்கும் யாரும் பேசக் கூடாது" என்றாள். நம் வாலு. அந்த ஆள் முகத்துக்கு நேராக.

பெருமையில் என் மனசு பொங்கியது. அவர் விடவில்லை. "வாய் மட்டும் வக்கணையா இருக்கு. இவ அப்பனும் இப்படித்தான் முழிப்பான். நான் விட்டேனா? பொஸ்தகத்தத் தலையில வச்சு வெயில்ல முட்டி போட வச்சேன். பெல்ட்ட எடுத்தேன்னா டவுசரோட மூத்திரம் போயிடுவான். இன்னைக்கு வெளிநாட்டுல சம்பாதிக்கிறான்ல" என்று நண்பரிடம் சொல்லிச் சிரித்தார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அடிச்சீங்களே, அப்புறம் அவரு படிச்சாரா?" என்று கேட்டேன். பொம்பளை வாயைப் பார் என்றார். படிக்கவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர்கள் போன பிறகு வாலு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பாவுக்கும் என்னை மாதிரி எழுத்து நிக்காம ஓடுமாம்மா? அப்பாவையுமா அடிச்சாங்க?" என்று கேட்டாள். நான் அடுப்பைப் பார்க்கப் போவது மாதிரி எழுந்து போய்விட்டேன்.

ஸ்டோர் கீப்பர் அண்ணாவை நான்தான் நச்சரித்துக் கேட்டேன். உங்கள் மேல் இருக்கிற பிரியத்தில்தான் அவர் உண்மையைச் சொன்னார், உங்களுக்கு வாசிக்க வராது, என் கடிதங்களை எல்லாம் அவர்தான் வாசித்துக் காட்டுகிறார் என்று. அவரோடு நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அடுத்த கடிதம் இதைவிட மோசமாக இருக்கும். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பீர்கள். மாத்திரை அட்டையை என்னிடமே நீட்டுவீர்கள். ஹோட்டலில் மெனு கார்டைத் திறந்துகூடப் பார்க்காமல், "உனக்கு என்னவோ அதே எனக்கும்" என்பீர்கள். இத்தனை வருஷமாக அதை நான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேனே! எனக்குக் கோபம் வராதா? கட்டிய பெண்டாட்டியிடம் சொல்லாமல் அந்தப் பாரத்தை நீங்கள் மட்டும் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறீர்கள். உயரத்தில் உட்கார்ந்து, கீழே நிற்கிறவனின் கைச் சைகையைப் பார்த்து இரும்பைத் துல்லியமாக இறக்கி வைக்கிற மனிதரை எவன் கழுதை என்று சொல்வான்? உங்களையே நம்ப வைத்துவிட்டார் உங்கள் அண்ணன். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அந்த ஆளிடமா நம் பெண்ணைக் கொடுக்கச் சரி சொன்னீர்கள்? ஒரு பிள்ளையை இப்படி ஆக்கியது போதாதா? முடியாது என்று அவருக்கு நீங்கள்தான் போன் செய்து சொல்ல வேண்டும். நான் சொன்னால் வாயாடி என்பார். நீங்கள் சொல்லாவிட்டாலும் அவள் இந்த வாசலைத் தாண்ட மாட்டாள், அதை நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் தடுத்தது அப்பா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

குழாய் இன்னும் ஒழுகுகிறது. நாய்க்குட்டிகள் கண் திறந்துவிட்டன. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், முதுகுக்குத் தைலம் தேயுங்கள். கோபத்தில் விசாரிக்காமல் விட்டேன் என்று இருக்க வேண்டாம்.

அண்ணா, உங்கள் வேலை இங்கே முடிந்தது. அடுத்த தாளை மடித்தபடியே அவர் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் வெளியே காற்றாட நடந்துவிட்டு வாருங்கள். கெஞ்சினாலும் வாசித்துக் கொடுக்காதீர்கள். உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
கோபம் ஆறாமலும் உங்களை விட்டுக்கொடுக்காமலும் இருக்கும்,
வாலுவின் அம்மா

(தனித் தாளில், பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு)

இது உங்களுக்கு மட்டும்.

விரல் வைத்துப் படியுங்கள்.

ஒரு வரி. பிறகு ஒரு வரி.

நேரம் ஆகட்டும்.

நான் சிரிக்க மாட்டேன்.

உங்களை அடித்தது தவறு.

நீங்கள் அப்போது சின்னப் பிள்ளை.

தடுக்க யாரும் வரவில்லை.

இப்போது நம் மகள்.

அவளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.