பாஸ்ட் புட்டு

மாப்ளே,

கம்பு மாவு வேகும் வாசம் இன்று காலை பஸ் ஸ்டாண்டு முக்கிலேயே என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. உன் மகள் கடையை மறுபடி திறந்துவிட்டாள். கோவில்பட்டி, எட்டயபுரம், சாத்தூர், விளாத்திகுளம் என்று கொடிகட்டிப் பறந்த நம் பச்சை போர்டுக் கடைகள் நீ போய்ச் சேர்ந்த பிறகு ஒவ்வொன்றாக மூடிப்போயின. அவற்றில் முதல் கடை இது.

நாம் தொடங்கியது பிரைடு ரைஸ் கடைதான். பாஸ்ட் புட் என்பதற்கு 'பாஸ்ட் புட்டு' என்று போர்டுக்காரருக்கு எழுத்துக்கூட்டிக் கொடுத்தவன் நான். எட்டாம் வகுப்பு வரை இங்கிலீசில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, உனக்கே தெரியும். மறுநாளே இடைசெவலில் விவசாயம் பார்க்கும் சம்சாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஒரு புட்டு வைங்க."

"புட்டு இல்லையே, ரைஸ்தான் இருக்கு."

"பெறவு எதுக்குப் போர்டுல எழுதிப் போட்டிருக்கீய?"

நீ போர்டைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "ஏலே, மூஞ்சியப் பாத்துட்டு நிக்காத. ஓடிப்போயி கம்பு மாவு வாங்கிட்டு வா" என்றாய். கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் போட்டு அன்று நீ அவித்த புட்டுக்கு மதுரை பஸ்ஸே நின்றது. டிரைவர் இறங்கி வந்து இலையை வழித்தார். இதை நான் சொல்லும்போதெல்லாம், "கண்டக்டர விட்டுட்டியேல" என்பாய். அதன்பிறகு நாலு ஊரிலும் அதே எழுத்து, அதே புட்டு.

மகள் தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். "அப்பா ருசி வரலேன்னா பூட்டிருவேன் மாமா. அவிய பேரக் கெடுக்க மாட்டேன்" என்று முன்னமே சொல்லியிருந்தாள். நானோ தின்று பார்க்காமலே, உன் கைருசி அப்படியே வந்துவிட்டதென்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

முதல் தட்டை என் முன்னால் வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது உன்னுடையது இல்லை, மாப்ளே.

"எப்படி இருக்கு மாமா? உள்ளதச் சொல்லுங்க."

வழக்கம்போல ஒரு புளுகை அவிழ்த்துவிட வாயெடுத்தேன். வரவில்லை.

"ஒங்கப்பன் ருசி இல்ல தாயி. அவன் கருப்பட்டிய வாரிக் கொட்டுவான், நீ பாத்துப் போடுத. ஆனா இதுவும் நல்லாருக்குட்டி. பூட்டிராத. இன்னும் கொஞ்சம் வை."



"அப்பா ருசி வரலேன்னு எனக்கே தெரியும் மாமா. அப்படியே வந்திருக்குன்னு பொய் சொல்லியிருந்தியன்னா, நல்லாருக்குன்னதயும் நம்பாம இன்னைக்கே பூட்டியிருப்பேன்" என்று சொல்லி, தட்டு நிறைய அள்ளி வைத்தாள். விளாத்திகுளம் பஸ்ஸில் இறங்கியவர்கள் உள்ளே வரவும், கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புக்குத் திரும்பினாள்.

உன் புட்டு இனி என் நாக்கில் மட்டும்தான் இருக்கிறது. மற்றதையெல்லாம் கூட்டித்தான் சொல்வேன், நீ அறியாததா? அந்த ருசியை மட்டும் கூட்டாமல் வைத்திருக்கிறேன்.