அம்மாவுக்கு விட்ட இடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். வழக்கமாக அம்மாவும் சுகம் என்று சேர்த்தே எழுதிவிடுவேன், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. பயப்படாதே, இப்போது எழுந்து நடமாடுகிறாள். போன வாரம் விடிகாலையில் சமையலறையில் மயங்கி விழுந்துவிட்டாள், நெற்றியில் தையல் போட்டிருக்கிறது.

நம் பழைய டாக்டர் ஊரில் இல்லாததால் புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். சின்ன வயசுதான். அம்மாவைப் பார்த்து, காலையில எழுந்தா எப்படிம்மா இருக்கு என்று கேட்டார். நான் வழக்கம்போல முந்திக்கொண்டு, அதெல்லாம் நல்லாத்தான் இருக்கா, வாயைத்தான் கட்டமாட்டேங்கிறா, திருட்டுத்தனமா சர்க்கரை டப்பாவைத் திறக்கிறா என்றேன். அவர் சிரிக்கவில்லை. சர்க்கரை வியாதி உங்களுக்கா சார், அவங்களுக்கா என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்க என்றார். பெஞ்சில் நாலு பேர் பார்க்க உட்கார்ந்தேன், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உள்ளே அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு நேரம் அவள் பேசி நான் கேட்டு எத்தனை வருஷமாயிற்றோ. பிறகு என்னைக் கூப்பிட்டு டாக்டரம்மா விளக்கினார். மாத்திரை அதிகமாகி விடிகாலையில் அம்மாவுக்கு ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடுகிறதாம், உடம்பெல்லாம் வேர்த்துக் கை நடுங்குமாம், அதற்குத்தான் ஒரு வாய் சர்க்கரை அள்ளிப் போட்டிருக்கிறாள். அதைத்தான் நான் ஒவ்வொரு தடவையும் பழைய டாக்டரிடம் கோள் சொன்னேன், அவரும் என் முகத்தையே பார்த்துப் பேசி, வாயைக் கட்டச் சொல்லுங்க என்று மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம் பாப்பா. அதை நினைத்தால் கூசிப்போகிறது, அந்தத் தையலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. வீட்டுக்கு வரும் வழியில், உங்களுக்குப் பசிக்குதா என்றுதான் கேட்டாள்.

மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். அடுத்த தடவை துணைக்கு யார் வரணும் என்று அம்மாவையே கேட்டார் டாக்டரம்மா. இவரே வரட்டும், சும்மா பக்கத்துல உட்காரட்டும் என்றாள். நீ போன் செய்தாலும் நான்தான் எடுத்து, அம்மா நல்லாயிருக்கா என்று சொல்லி வைத்துவிடுகிறேன். இனிமேல் என்னிடம் கேட்காதே, போனை அவளிடம் கொடுக்கச் சொல்லு. நீயும் வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நல்லா இருங்கள்.

அம்மா சுகமா இல்லையா என்று அவளே எழுதட்டும். கீழே பாதித் தாள் விட்டிருக்கிறேன். படித்துப் பார்க்காமல் ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
அப்பா