சுங்கம் எவ்வளவு?

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மூச்சிரைப்பு குறைந்திருக்கிறதா? மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். நாள் முழுக்க நிற்பதால் கால்தான் கெஞ்சுகிறது.

இப்போது சுங்கச்சாலையில், வண்டிகள் நின்று இளைப்பாறும் இடத்தில் கணக்கெடுப்பு வேலை. மாதம் எவ்வளவு சுங்கம் கட்டுகிறீர்கள் என்று வண்டி ஓட்டுபவர்களிடம் கேட்க வேண்டும். யாருக்கும் தெரியவில்லை. "கண்ணாடியில ஸ்டிக்கர் இருக்கும்மா, அதுபாட்டுக்குப் புடிச்சுக்கும். வீட்டுக்காரி என்னைக் கேட்டுட்டா சம்பளத்தை எடுக்கிறா?" என்றார் ஒரு லாரிக்காரர். நெடுநாள் கழித்துச் சிரித்தேன்.

நேற்று காரில் வந்த ஓர் அக்காவும் தெரியாது என்றார். "போன்லயே பாக்கலாம்க்கா, காட்டட்டுமா?" என்றேன். சட்டென்று போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வேணாம்மா. எங்கப்பா இந்த ரோட்டோட அந்தக் கோடியில தனியா இருக்காரு. வாரத்துக்கு ரெண்டு தடவை போறேன். எவ்வளவுன்னு தெரிஞ்சா ஒரு தடவையா குறைச்சிருவேன். என் புத்தி எனக்குத் தெரியும்."

'தெரியாது' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அதற்கப்புறம் யாரையும் கேட்க மனம் வரவில்லை.

நானும் ஒவ்வொரு முறையும் ஊருக்கு வரும் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டுத்தானே அடுத்த வருடம் என்கிறேன்? இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட்டேன். என் கட்டில்மேல் குவித்திருக்கும் துணிகளை எடுத்துவிட்டு, போர்வையை வெயிலில் போடுங்கள்.

வேலைக்கு அழைத்துப் போகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், கிளம்புகிறேன். எவ்வளவு ஆனது என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் மகள்