பதினெட்டாம் நிமிடம்

மார்ச் 2, திங்கள்

டாக்டர் படம் வரைந்து காட்டினார். என் சிறுநீர்ப்பையின் உள்சுவரில் மூன்று கட்டிகள். அறுவைக்கு முன்பு ஒரு புது மருந்தின் சோதனையில் சேர விருப்பமா என்று கேட்டார். பாலில் உள்ள ஒரு புரதமாம். அதன் மடிப்பு பாதி அவிழும்போது ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டு, புற்றுச் செல்லுக்குள் புகுந்து அதைக் கொன்றுவிடும். நல்ல செல்களைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

"தனித்தனியா ரெண்டும் சாது. சேர்ந்தாதான் ஆபத்து" என்றார்.

"அத்தையும் நானும் மாதிரி" என்றாள் மருமகள். டாக்டர் சிரித்துவிட்டார். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

மார்ச் 5, வியாழன்

மெல்லிய குழாய் வழியே மருந்தை உள்ளே விட்டார்கள். ஒரு மணி நேரம் அடக்க வேண்டும். பிறகு சிறுநீரைப் பாட்டிலில் பிடித்துத் தந்தால், செத்து உதிர்ந்த செல்கள் எத்தனை என்று எண்ணுவார்கள். எனக்குக் கிடைத்தது மருந்தா, வெறும் உப்புநீரா என்று நர்ஸுக்கே தெரியாதாம். அடக்கிய நேரத்தை நாமே படிவத்தில் எழுத வேண்டும். 'அறுபது' என்று எழுதினேன்.

பக்கத்து அறைக்காரர் அரை மணியில் எழுந்து ஓடினார். உடம்பைக் கட்டுக்குள் வைக்கத் தெரியாதவர் என்று மருமகளிடம் சொன்னேன்.

மார்ச் 9, திங்கள்

அறுபது. "உங்களை மாதிரி யாரும் இல்லம்மா" என்றாள் நர்ஸ்.

மார்ச் 12, வியாழன்

எழுதவே கை வரவில்லை.

பதினெட்டு நிமிடம். ஒரு இருமல், அவ்வளவுதான். கழிப்பறைக்குள் போவதற்குள் கொஞ்சம் தரையில் விழுந்தது. என் கைக்குட்டையால் துடைத்தேன். மிச்சத்தைப் பாட்டிலில் பிடித்தேன். பிறகு? வெளியே வந்து சொல்ல வேண்டியதுதானே? மூடிய பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து 'அறுபது' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

மார்ச் 13, வெள்ளி

கான்வென்டில் பத்து வருஷம் முதுகு வளையாமல் உட்காரக் கற்றுக்கொண்டேன். இப்படிப் பொய் எழுதவா?

உதிர்ந்த செல்கள் குறைவாக இருந்தால், அறுபது நிமிடம் வைத்தும் பலனில்லை என்றுதானே எழுதுவார்கள்? எங்கோ இன்னொருத்திக்குக் கிடைக்க வேண்டிய மருந்தை நான் கெடுத்தவள் ஆவேனா? சொன்னால் என்னை நீக்கிவிடுவார்களோ? கட்டி இன்னும் உள்ளேதானே இருக்கிறது.

மார்ச் 14, சனி

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "ஹலோ" கேட்டதும் வைத்துவிட்டேன்.

"என்ன அத்தை, மூஞ்சியே சரியில்லையே?"

"ஒண்ணுமில்ல. உன் சமையல்தான்."

பாவம், அவளை ஏன் குத்தினேன்?

மார்ச் 16, திங்கள்

குழாய் போடுமுன் சொல்லிவிட்டேன். நர்ஸ் கையுறையைக் கழற்றினாள்.

"பதினெட்டா? ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"வெட்கமா இருந்தது."

"இங்க வர்றவங்க பாதி பேருக்கு நிக்காதும்மா. எல்லாரும் சொல்லிடுவாங்க."

எல்லாரும். நான்தான் சொல்லவில்லை.

டாக்டர் வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. சோதனையை நடத்தும் குழுவிடம் கேட்க வேண்டுமாம். இன்று மருந்து கிடையாது. வெறுமனே திரும்பினோம். வழியில் மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாட்டிலைக் கட்டிக்கிட்டு முக்கால் மணி நேரமா உக்காந்திருந்தீங்க? அடப் பாவமே!" கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு வீடு வரை என் கையை விடவில்லை.

மார்ச் 18, புதன்

போன் வரவில்லை.

மார்ச் 20, வெள்ளி

வந்தது. தொடரலாமாம். மூன்றாம் தடவைக் கணக்கைத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் இனிமேல் நர்ஸ் கூடவே உட்கார்ந்திருப்பாள். என் கணவர்கூட என்னைத் தலை கலைந்து பார்த்ததில்லை. சரி என்றேன்.

மார்ச் 23, திங்கள்

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நல்ல பெண். மருந்தோ, உப்புநீரோ, உள்ளே போனது. கட்டிகள் என்ன ஆகின என்பது அறுவையன்றுதான் தெரியும்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "இப்போ" என்றேன். எழுந்து கைகொடுத்தாள்.

திரும்பி வந்ததும் நர்ஸ் படிவத்தில் 'இருபத்திரண்டு' என்று எழுதினாள்.

"இருபத்தொண்ணு" என்றேன். "அடிச்சிட்டு எழுதும்மா."