கம்ப்யூட்டர் அறை வாசலில் சப்பாத்து

அன்புள்ள அப்பாவுக்கு,

தினேஸ்வரி எழுதுறேன். உங்க முட்டிவலி எப்படி இருக்கு? அம்மா இனிப்புநீர் நோய்க்கான மருந்தை விடாம சாப்பிடுறாங்களா? நான் நல்லா இருக்கேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வர்றவர் அமீருல் சார். என்னோட அதே மானியத்தில ஆப்பிரிக்காவுக்கு, இந்த மலாவி கல்லூரிக்குப் பாடம் நடத்த வந்தவர். இடம் ஒத்துக்காம பாதியிலயே திரும்புறாரு. நீயும் கூடவே வந்துடுன்னு சொன்னீங்க. நான் வரலப்பா.

இங்க ஒரு கூத்து. முதல் நாள் கம்ப்யூட்டர் அறைக்குப் போனப்ப, நம்ம மலேசியப் பழக்கத்தில சப்பாத்தை வாசல்லயே கழட்டிட்டேன். இங்க யாரும் அப்படிச் செய்யறதில்ல. மறுநாள் பார்த்தா, மாணவர்கள் எல்லாரும் கழட்டி வரிசையா வெச்சிருக்காங்க! "இதென்ன பள்ளிவாசலா?"ன்னு துறைத்தலைவர் கேட்டாரு.

போன வாரம் சாயங்கால வகுப்புல கரண்ட் போயிருச்சு. ஜெனரேட்டர் போடுற ஆளைத் தேடிப் போனேன், கிடைக்கல. இந்நேரம் எல்லாரும் கிளம்பியிருப்பாங்கன்னு நெனச்சுத் திரும்பி வந்தா, வாசல்ல ஒரு சப்பாத்துகூட நகரல. இருட்டுல உக்காந்திருக்காங்கப்பா. போன் வெளிச்சத்துல பாடத்தை முடிச்சேன். இவங்களை எப்படி விட்டுட்டு வர்றது?

நம்ம புந்தோங்ல வறுக்கிற கச்சாங் பூத்தே கடலை அனுப்புங்க, காரமானதா. போன் பண்ணா ரோட்டோரமா நின்னு பேசுங்க, மோட்டார் சத்தம் கேக்கணும். இங்க ரொம்ப அமைதியா இருக்கு.

கார் வந்துருச்சு, சார் அவசரப்படுறாரு. அவருக்குச் சாப்பாடு போட்டு அனுப்புங்க. நம்ம வீட்டு வாசல்ல அவர் சப்பாத்துக்குப் பக்கத்துல என் சப்பாத்தும் கிடக்குதான்னு எட்டிப் பார்க்காதீங்க. பரிட்சை முடியற வரைக்கும் அது இந்த வாசல்லதான்.

உங்க மகள்,
தினேஸ்