நைனாவும் புது ஸ்பிரிங்கும்

நகரி, புரட்டாசி, வியாழக்கிழமை

இன்று திருப்பதியில் காருக்குப் புது ஸ்பிரிங் பட்டையும் ஷாக் அப்சார்பரும் போட்டாயிற்று. சரியாகத்தான் செய்தேனா என்று தெரியவில்லை.

தினமும் முதலாளியின் புடவை மூட்டைகளை ஏற்றிப் பழைய பட்டை தொங்கிவிட்டது. மெக்கானிக் இரண்டு விதம் காட்டினார். "இது கெட்டி. எவ்வளவு மூட்டை ஏத்தினாலும் தாங்கும், ஆனா குழியில தூக்கிப் போடும். அது மெத்துனு போகும். லோடு பாதிதான் ஏத்தணும்."

நான் கெட்டியானதில் கை வைத்தேன். இடுப்பு உடைந்து இப்போதுதான் தேறியிருக்கிற நைனா பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதையே போடுடா. தினம் உன்கூட வந்து எனக்கும் சலிச்சுப் போச்சு. இனிமே வூட்லயே இருந்துக்கறேன்."

சலித்துவிட்டதாம். நகரி சேரவேண்டியது ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்று, வழியில் புத்தூர் டீக்கடையில் தினம் ஒருத்தரோடாவது மல்லுக்கு நிற்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"மெத்துனு இருக்கறதையே போடுங்க" என்றேன்.

நைனா என்னைப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பொழைக்கத் தெரியாதவன்" என்று மெக்கானிக்கிடம் சொன்னார்.

வரும்போது குழிக்குக் குழி கதவைப் பிடித்துக்கொண்டவர், திரும்பும்போது பிடிக்காமல், வாயைத் திறந்தபடி தூங்கிக்கினே வந்தார். புத்தூரில் எழுப்பினேன். இறங்கியதும் டீக்கடையில் அவர் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

இனி மூட்டைக்கு இரண்டு நடை போகவேண்டும். முதலாளி என்ன சொல்வாரோ. எப்படியாவது சொல்லிப் பார்க்கலாம்.

உள்ளேயிருந்து நைனா கூப்பிடுகிறார். "இன்னாடா இன்னும் எழுதிக்கினு இருக்கற? வெளக்க அணை. காலைல ரெண்டு நடை போவணும் நாம."